வாணியம்பாடியின் வயிறு

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த அன்று தலைமை ஆசிரியர் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். இரண்டு மாத லீவை ஓணான் அடித்துக் கழிக்காதீர்கள், ஆளுக்கொரு உருப்படியான வேலையைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பேசி முடித்த கையோடு போளூர் பஸ்ஸைப் பிடித்துப் போனவர், பள்ளி திறக்கிற வரை மாமியார் வீட்டில் படுத்து எழுந்ததைத் தவிர வேறு வேலை பார்த்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அவர் விட்டுப்போன சொல் மட்டும் ஜவ்வாது மலையில் நெல்லிமரத்தூர் வரைக்கும் ஏறி வந்துவிட்டது. அதைச் சுமந்து வந்தவன் வேடியப்பன் மகன் அருணகிரி.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கோடை. நாற்பது வீட்டு நெல்லிமரத்தூரில் பத்தாவது வரை படித்துப் பரீட்சையும் எழுதியவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் தும்மினால்கூட அது ஊர்ப் பொதுக் காரியம். உருப்படியான வேலை எது என்று ஊரே உட்கார்ந்து யோசித்தது. வேடியப்பனுக்குக் காக்கிச் சட்டை போடுகிற எதுவும் உருப்படிதான். கோடையில் காட்டில் தீப் பிடிக்கிறதா என்று பாறைமேல் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று உண்டு. அதில் காக்கியும் இருக்கிறது, விசிலும் இருக்கிறது, வேலை மட்டும் இல்லை. ஆகவே அதன்மேல் அவருக்கு அபார மரியாதை. ஆனால் அந்தப் பாறையில் ஒருவர் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கிற உத்தேசம் அவருக்கு இல்லை.

நாட்டாமை முனிசாமி, தம் களத்தில் காய்கிற புளியைக் குரங்கு அண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். படித்த பையனுக்குக் கூலி என்று எதையாவது கொடுத்தால் அது அவனுக்குத்தான் கேவலம் என்பதையும் சேர்த்துச் சொன்னார். மெட்ராஸை இரண்டு தடவை பார்த்தவர் என்பதால் ஊரில் எதற்கும் கருத்து வைத்திருக்கிற கோபால், சாலையோர மைல்கல்லுக்கு வெள்ளையடிக்கிற கான்ட்ராக்டரிடம் அவனைச் சேர்த்துவிட்டார். ஒன்பது கல்லுக்கு அடித்திருப்பான். யாரோ பெரிய மனிதர் மலைக்கு வருவதாக இருந்த பயணம் நின்றுபோயிற்று என்று செய்தி வந்தது. பத்தாவது கல் பாதி வெள்ளையும் பாதி பாசியுமாக நிற்க, கான்ட்ராக்டர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

அருணகிரிக்கு இது விளையாட்டு இல்லை. ஜூன் மாதம் அவன் போளூரில் பிளஸ் ஒன் சேர வேண்டும். மலையிலிருந்து தினமும் போய்வருகிற தூரமா அது? மலைப் பிள்ளைகளுக்கான ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் அப்பாவின் எருதுகளுக்குப் பின்னால் சாமைக் கொல்லை. ஹாஸ்டலுக்கு ஒரு தகரப் பெட்டியும் தட்டும் இரண்டு ஜோடி உடுப்பும் வேண்டும், அதற்காகத்தான் வேலை. ஆனால் பெட்டியைவிடப் பெரியது ஒரு காகிதம். இவன் இந்த மலையில் பிறந்தவன், எங்கள் சனத்துப் பிள்ளை என்று ஊர் நாட்டாமை கைநாட்டு வைத்துக் கொடுத்தால்தான் தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழ். சான்றிதழைக் காட்டினால்தான் ஹாஸ்டல். அந்தக் காகிதத்தை அருணகிரி தன் கையாலேயே மணிமணியாக எழுதி, கைநாட்டுக்கு மட்டும் இடம் விட்டு, நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தான். நாட்டாமை அவசரப்படவில்லை. ஊர்க் காகிதங்களுக்கெல்லாம் வைகாசித் திருவிழாவில் சனம் கூடும்போதுதான் விரல் வைப்பது வழக்கம் என்று சொல்லிவிட்டார்.

இப்படி அவன் வேலையும் இல்லாமல் விரலும் இல்லாமல் நின்றபோதுதான், சித்திரை பிறந்து பத்தாம் நாள், வாணியம்பாடி நசீர் பாயின் கடுக்காய் லாரி வந்தது.

நெல்லிமரத்தூரில் சாமை விளையும், தினை விளையும். ஆனால் வருஷம் முழுக்க அடுப்பு எரிவது கடுக்காயால். தை, மாசியில் பெண்கள் காடு காடாக அலைந்து பொறுக்கிக்கொண்டு வருவார்கள். நாட்டாமையின் களத்தில் காயவைத்து மூட்டை கட்டுவார்கள். கோடையில் வாணியம்பாடியிலிருந்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். இவ்வளவு கடுக்காயை வைத்துக்கொண்டு அங்கே என்னதான் செய்கிறார்கள்? இதற்கு ஊரில் ஒரு பதில் தயாராக இருந்தது. கடுக்காய் எதற்கு? வயிற்றுக்கு. மலச்சிக்கல் வந்தால் தட்டிப் போட்டுக் குடிப்பதைத் தவிர வேறு எதற்கும் நெல்லிமரத்தூர் அதைத் தொட்டது கிடையாது. ஆகவே வாணியம்பாடிக்காரர்களுக்கு வயிறு சரியில்லை. நாள் தவறாமல் பிரியாணி சாப்பிட்டால் வேறென்ன ஆகும் என்று ஆண்கள் விளக்கம் சொன்னார்கள். லாரி லாரியாகக் கடுக்காய் போயும் தீராத அந்தச் சீக்கை நினைத்து அருணகிரியின் அம்மா மாதம்மாள் உண்மையாகவே வருத்தப்படுவாள். எந்தச் சாமி குத்தமோ பாவம் என்று மூட்டையைத் தைக்கும்போது சொல்லிக்கொள்வாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நெல்லிமரத்தூரில் தோல் ஆகாது. ஊர் எல்லையில் நட்ட கல்லுக்கு இப்பால் செருப்பு வரக்கூடாது. தலைமை ஆசிரியரே வந்தாலும் கல்லண்டை கழற்றிப் போட்டுவிட்டு முள்ளில் குதித்துக் குதித்துத்தான் வருவார். தோல் வேலை செய்தவன் ஊரோடு சேர்ந்தவன் இல்லை. அவனுக்கு ஊரில் நெருப்புக் கொடுக்கமாட்டார்கள், தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், கைநாட்டும் கிடையாது. மேளம் மட்டும் இதில் சேர்த்தி இல்லை. மேளம் இல்லாமல் சாமி ஆடாது என்பதால், அதன் மேல் கட்டியிருப்பது என்ன என்று யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

போன வருஷம் வந்த காயில் பாதி சொத்தை என்று நசீர் பாய் குறைபட்டுக்கொண்டார். கடுக்காய் தெரிந்த பையன் ஒருவன் இரண்டு மாதத்துக்குக் கிடைத்தால் கிடங்கில் உட்கார்ந்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கொடுப்பானே என்றார். அவர் வாயை மூடுவதற்குள் அருணகிரி லாரியின் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். மருந்துக் கம்பெனி வேலைதானே பாய் என்று நாட்டாமை ஊர் கேட்கக் கேட்டார். நசீர் பாய் கயிற்றை இறுக்கிக்கொண்டே தலையை எல்லாப் பக்கமும் ஆட்டினார். போதாதா? அன்று மாலைக்குள் அருணகிரி பாதி டாக்டர் ஆகிவிட்டான். முழங்கால் வலிக்கு என்ன கேட்க வேண்டும், சொறிக்கு என்ன வாங்கிவர வேண்டும் என்று ஊரே அவனிடம் சொல்லியனுப்பியது. இதுதான்யா உருப்படியான வேலை என்று கோபால் தீர்ப்புச் சொன்னார்.

ஆலங்காயம் தாண்டி லாரி வாணியம்பாடியை நெருங்கும்போது ஒரு நாற்றம் எதிர்கொண்டு வந்தது. நோயாளிகள் இருக்கிற இடம் இப்படித்தான் இருக்கும் போல என்று எண்ணி, மூக்கைப் பிடிப்பது மரியாதை இல்லை என்பதால், அருணகிரி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். லாரி ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்தது. உள்ளே வரிசையாகத் தொட்டிகள். கொடிகளில் என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. கடுக்காய்க் கிடங்கில் அவனுக்குக் கூட்டாளியாகச் சேர்த்துவிட்டது ஃபரூக்கை. அவனுக்கும் பதினாறு வயதுதான். எட்டாவதோடு நின்றுவிட்டு, அத்தா என்று அவன் அழைக்கிற அப்பா வேலை செய்கிற இடத்திலேயே சேர்ந்தவன். நோயாளிகளை எந்தக் கொட்டகையில் வைத்திருக்கிறீர்கள் என்று அருணகிரி அவனிடம் கேட்டான்.

ஃபரூக்குக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான் பாருங்கள், மூட்டைமேல் விழுந்து, மூட்டையிலிருந்து தரையில் விழுந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். பிறகு எழுந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினான். சுண்ணாம்பில் ஊறி மயிர் கழிந்த மாட்டுத் தோல்கள் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் கிடந்தன. அதிலிருந்து எடுத்தவற்றைக் கடைசியாகப் பதப்படுத்த இறக்குகிற தொட்டியில் மஞ்சளாகக் கலங்கிக் கிடந்தது நெல்லிமரத்தூர்க் கடுக்காய். அம்மாவும் சித்தியும் முள் குத்தக் குத்தப் பொறுக்கிய காய். சாயங்காலத்துக்குள் சங்கதி தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது. ஒருவரையொருவர் பார்த்தால் சலாம் சொல்வதற்குப் பதிலாக வயிறு எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். ஃபரூக்கின் அப்பா தொட்டிக்குள் நின்றபடியே வயிற்றைத் தடவிக் காட்டினார்.

அருணகிரிக்குச் சிரிப்பு வரவில்லை. இது ஊருக்குத் தெரிந்தால் கைநாட்டு போயிற்று, ஹாஸ்டல் போயிற்று. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன் என்றான். நீ காயைத்தானே தொடுகிறாய், தோலையா தொடுகிறாய் என்று ஃபரூக் வழி சொன்னான். கிடங்குக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டுவதில்லை என்று அருணகிரி தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். ஊர் புத்தி லேசில் போகுமா?

ஆனால் வேலையில் உட்கார்ந்த பிறகுதான் அவனுக்கே ஒன்று தெரியவந்தது. இரண்டு காயை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் போதும், எது கல்லுப்போல் காய்ந்தது, எது உள்ளே புழுத்தது, எது மரத்தில் பழுத்தது, எது ஈரத் தரையில் கிடந்து கறுத்தது என்று அவன் காது சொல்லிவிடும். மலையில் பிறந்தவனுக்கு இது ஒரு வித்தையா என்றுதான் அதுவரை நினைத்திருந்தான். இங்கே அதற்காக மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார். நசீர் பாய் கேட்டார்: கண்ணை மூடிக்கொண்டு செய்வாயா? செய்து காட்டினான். பள்ளிக்கூடத்தில் பத்து வருஷமாக அவனுக்குத் தெரியாததையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத் தெரிந்ததைக் கேட்ட முதல் இடம் அந்த நாற்றம் பிடித்த கிடங்குதான். மூன்றாம் வாரம் நாற்றமும் தெரியவில்லை. தான் பிரித்துக் கொடுத்த காயில் ஊறிய தோல் வெளுத்து மெத்தென்று வருகிறது என்று கேள்விப்பட்டபோது, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எட்டி எட்டிப் பார்த்தான்.

அந்தச் சுவரை அவன் தாண்டியது ஒரு செவ்வாய்க்கிழமை. ஃபரூக் நனைந்த தோல் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சுண்ணாம்புத் தொட்டியின் விளிம்பில் வந்தான். நனைந்த மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கினவனுக்குத்தான் தெரியும். கால் வழுக்கியது. தோல் அவனையும் இழுத்துக்கொண்டு சரிந்தது. அருணகிரி பாய்ந்து போய் மறுமுனையைப் பிடித்தான். பிடித்து, இழுத்து, இரண்டு பேருமாகத் தூக்கிப்போய்க் கொடியில் போட்ட பிறகுதான் தான் எதைத் தொட்டோம் என்பதே அவனுக்கு நினைவு வந்தது. கையைப் பார்த்தான். கை கையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே தூக்கினார்கள். ஃபரூக்கின் அம்மா கனீஸ் ஃபாத்திமா மகனுக்குக் கட்டித் தருகிற சோற்றில் அவனுக்கும் சேர்த்துக் கட்டினார். அருணகிரி சந்தோஷமாக இருந்தான். வேலை செய்து சந்தோஷமாக இருக்க முடியும் என்பது அவன் ஊரில் கேள்விப்படாத சங்கதி.

அப்படி அவர்கள் ஒரு தோலைத் தூக்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் வந்த ஒருநாள்தான், எதிரே டீ கிளாஸும் கையுமாகக் கோபால் நின்றார். இருவர் கண்ணும் சந்தித்தன. கோபால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி விடுவிடுவென்று நடந்தார்.

வைகாசித் திருவிழாவன்று காலை, கடைசிக் கடுக்காய் மூட்டைகளை ஏற்றப் போன லாரியிலேயே அருணகிரி ஊர் திரும்பினான். புதுத் தகரப் பெட்டி மடியில் இருந்தது. மூட்டை தூக்க ஃபரூக்கும் வந்தான். எல்லைக்கல்லில் ஃபரூக் செருப்பைக் கழற்றினான். இதெல்லாம் அருணகிரி முன்பே சொல்லி வைத்திருந்தான். கல்லுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. யாரும் வா என்று சொல்லவில்லை. மாதம்மாள் மட்டும் ஒரு சொம்பில் தண்ணீரோடு முன்னால் வந்தாள். பக்கத்தில் நின்ற வேடியப்பன் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

கூட்டம் கூடுவதற்கு முன்னால், விசாரிக்கிறேன் என்று சொல்லி, நாட்டாமை அவனை மட்டும் தம் களத்துக்கு அழைத்துப் போனார். ஏற்ற வேண்டிய மூட்டைகள் அங்கே அடுக்கியிருந்தன. தோலைத் தொட்டாயா என்று கேட்டார். தொட்டேன் என்றான். அதோடு நிற்கவில்லை. நம்ம காய் ஒன்றுகூட யார் வயிற்றுக்கும் போகவில்லை மாமா, மொத்தமும் தோலுக்குத்தான் போகிறது, தொட்டது நான் ஒருவன் இல்லை, நீங்களும் அப்பாவும் அம்மாவும் இந்த ஊரும் மூன்று தலைமுறையாகத் தோல் வேலைதான் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று மடமடவென்று கொட்டிவிட்டான். கொட்டியதும் நிம்மதியாக இருந்தது.

முனிசாமி ஒரு மூட்டையின் தையலை இழுத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார். "ஒன் வயசுல ரெண்டு வருசம் நானு அங்க தொட்டி மிதிச்சவன்."

அருணகிரி அவர் கால்களைப் பார்த்தான்.

"ஒங்கப்பனுக்கும் தெரியும். மூட்டையோட எத்தினி வாட்டி போய்ட்டு வந்திருக்கான். கோபாலு இன்னாத்துக்கு அந்தக் கேட்டாண்ட டீ குடிக்கப் போனான்? போன மாசம் செத்துப்போன அவன் எருது தோலு தானா நடந்தா போச்சி?"

எல்லோருக்கும் தெரியுமா மாமா என்று அவன் கேட்டான்.

"எல்லாருக்கும் தெரியும். ஆனா அடுத்தவனுக்குத் தெரியாதுன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிகினு இருக்கான். அப்பிடி இருக்கறதாலதான் ஊரு நடக்குது. நீ போயி தோலுன்னு ஒரு வார்த்தை வுட்டீனா, நாளையிலர்ந்து ஒரு பொம்பள காட்டுக்குப் போவ முடியாது. வயித்துக்குன்னு சொல்லு. நான் வெரலு வைக்கறேன்."

இவ்வளவுதான். மிரட்டவில்லை, கோபப்படவில்லை. மூட்டைமேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டு அவர் நடந்தார். அருணகிரி தன் நோட்டுக்குள் மடித்திருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தான். கைநாட்டுக்கு விட்ட இடம் வெள்ளையாக இருந்தது.

கூட்டத்தில் கோபால் எழுந்து, சாமி சத்தியமாகப் பார்த்தேன், தோளில் தோல் இருந்தது என்றார். அந்த இடத்துக்கு நீ எதற்குப் போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாக் கண்ணும் அருணகிரிமேல் இருந்தன. அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பயந்த கண்கள். அவன் தண்டனைக்குப் பயப்படுவதைவிட அதிகமாக, அவன் உண்மையைச் சொல்லிவிடுவானோ என்று ஊர் பயந்துகொண்டிருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலு இல்லீங்க, நனைஞ்ச கம்பளிங்க" என்றான் அருணகிரி. "வயிறு சரியில்லாதவங்களுக்குப் போத்தறது."

நாற்பது வீடும் ஒரே மூச்சாக மூச்சு விட்டது. கம்பளிதான் என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நனைந்தால் அப்படித்தான் தெரியும் என்றார் இன்னொருவர். தூரத்திலிருந்து பார்த்தால் எனக்கே அப்படித் தெரிந்திருக்கும் என்று கோபாலே ஒத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் நாட்டாமைக்கு எதையும் அரைகுறையாக விடுகிற பழக்கம் இல்லை. சாட்சி வேண்டும் என்றார். கல்லுக்கு அப்பால் வெறுங்காலோடு நின்றிருந்த ஃபரூக்கைக் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அங்கேயே நின்று சொன்னால் போதும், உள்ளே வர வேண்டாம் என்றார். உங்கள் ஊரில் வயிறு எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டார்.

ஃபரூக் கூட்டத்தைப் பார்த்தான். பிறகு அருணகிரியைப் பார்த்தான். தொழிற்சாலையில் ஐந்து வாரம் இதே கேள்விக்கு வயிறு குலுங்கச் சிரித்தவன்தான். அருணகிரியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அவன் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதம் என்ன, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அருணகிரியே அவனிடம் பலதடவை சொன்னதுதான்.

"ரொம்ப மோசங்க" என்றான் ஃபரூக். "எங்க அத்தாவுக்குத்தாங்க ரொம்ப முடியல. அம்மா அழுதுகினே இருக்காங்க."

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போது மாதம்மாள் எழுந்து விடுவிடுவென்று வீட்டுக்குள் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு சின்னத் துணிப்பை இருந்தது. வீட்டுக்கென்று அவள் தனியாக எடுத்து வைத்திருந்த கடுக்காய். ஒரு சொத்தை இல்லாத, பொன்னாகக் காய்ந்த காய். கல்லண்டை போய் அதை ஃபரூக்கின் கையில் கொடுத்து, விதையை நீக்கிவிட்டுத் தட்டிப் போட்டு வெந்நீரில் கொடுக்கச் சொன்னாள். மூன்று நாளில் சரியாகிவிடும், அம்மாவை அழ வேண்டாம் என்று சொல் என்றாள். ஃபரூக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவளுக்கும் எல்லாம் தெரியுமா, அல்லது அந்த ஊரிலேயே அவள் ஒருத்திதான் நிஜமாக நம்பிக்கொண்டிருந்தாளா? அருணகிரி இதை அம்மாவிடம் கடைசிவரை கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அவனால் தாங்க முடியாது.

நாட்டாமை கட்டைவிரலை மசியில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டினார். எங்கள் சனத்துப் பிள்ளை என்று ஊர் முன்னால் சொன்னார். மேளம் அடித்தார்கள்.

மூட்டைகள் ஏறி முடிந்ததும் அருணகிரி லாரியண்டை போனான். மசி காயாத காகிதத்தைக் கலையாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். ஃபரூக் மூட்டைகள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். துணிப்பை மடியில் இருந்தது. கோபமாகத் திட்டியிருந்தால் தேவலை. அவன் சிரித்தான்.

"இத்தினி நாளா எங்க அத்தா வேலைக்குப் போறார்னு நெனச்சிகினு இருந்தேன்டா" என்றான். "சீக்காளின்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சுது."

அருணகிரிக்கு வெட்கத்தில் காது எரிந்தது. ஏறிப் போய் அவன் கையைப் பிடித்திருக்க வேண்டும். மன்னிச்சிக்கடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பின்னால் நின்ற ஊருக்குக் கேட்டிருக்கும். லாரி கிளம்பிவிட்டது. அடுத்த கோடைக்கு வா என்று ஃபரூக் சொல்லவில்லை, இவனும் வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. பிளஸ் டூ முடித்தான், டைப்ரைட்டிங் படித்தான். அடுத்து வந்த கோடைகளில் நாட்டாமையின் களத்தில் குரங்கு விரட்டினான். ஊர் அவனை மெச்சிக்கொண்டது. எண்பத்தொன்பதில் போளூரில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து, விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தான். பெயர் எழுதினான், தகப்பனார் பெயர் எழுதினான், சாதி எழுதினான். இதற்கு முன் ஏதேனும் வேலை செய்திருந்தால் விவரம் தருக என்று அதற்கடுத்த வரியில் கேட்டிருந்தது. பக்கத்தில் வேடியப்பன் உட்கார்ந்து மகன் எழுதுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருணகிரி பேனாவை அந்த வரிமேல் வெகுநேரம் வைத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு காயைத் தட்டிக் காட்டியது, தொட்டியில் வெளுத்து வந்த தோல், இருவராகத் தூக்கிய கனம் எல்லாம் ஞாபகம் வந்தன. 'இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனான்.